மோட்டார் தொடாத சைக்கிள்

மின்சாரம் நின்று, மின்விசிறி கடைசிச் சுற்றைச் சுற்றி முடித்த நொடியில்தான் அந்த யோசனை வந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் எங்கள் வீட்டுச் சீமெந்துத் தரையில் படுத்துக்கொண்டு, எவனோ ஒரு வெள்ளைக்காரன் பாலைவனத்தைச் சைக்கிளில் கடக்கும் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு உதடு வெடித்திருந்தது. எனக்கும்தான். அவனாவது எங்கோ போகிறான். நான் கிடந்த இடத்திலேயே வேகிறேன்.

"அப்பா, நான் சைக்கிளிலை மன்னாருக்குப் போகப்போறன்."

அப்பா பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தார். "ஏன், பஸ் ஓடேல்லையோ?"

மச்சாளும் வருகிறாள் என்றேன். மச்சாள் மாமாவின் மகள், பக்கத்து வளவு. அவளிடம் இன்னும் கேட்டிருக்கவில்லை. மன்னார் வீதியின் நிழலில்லாத வெளிகளைப் பற்றி நெடுநேரம் கதைத்துவிட்டு, அப்பா ஒரு நிபந்தனை போட்டார். முதலில் மணற்காட்டுக்குப் போய்வர வேண்டும். குடாநாட்டில் பாலைவனம் என்று சொல்லத்தக்க மணல்மேடுகள் அங்கேதான் உண்டு.

"போக வர ஒரு மோட்டரின்ரை உதவியும் எடுக்கக் கூடாது. எடுத்தியெண்டால் மன்னார்க் கதை அதோடை சரி."

சனிக்கிழமை விடியப் புறப்பட்டோம். என்னுடையது அம்மாவின் லேடீஸ் சைக்கிள். கூடைக்குள் பனங்கட்டி, உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர், துவாயில் சுற்றிய ஐஸ் போத்தல். வீடியோக்காரனிடம் இருந்த எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் அவனிடம் கூடை இல்லை.

போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளியது. அதை என் காலின் பலம் என்று நினைத்துக்கொண்டேன். மணல் மூடிய கடைசித் துண்டைச் சைக்கிளை உருட்டியபடி நடந்து கடந்தோம். செருப்புக்குள் புகுந்த மணல் சுட்டது. மேட்டின் உச்சியில் நின்று "பாலைவனம்!" என்று கத்தினேன்.

"கடல் தெரியுது, விசரி" என்றாள் மச்சாள்.

திரும்பும்போதுதான் சோளகம் யாரென்று தெரிந்தது. தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று நேரே முகத்தில் அறைந்தது. வீதியோ குண்டும் குழியும், மேலே கிரவல் கல். நான் மிதிக்கிறேன், பனையோலை அசைகிறது, சைக்கிள் அசையவில்லை. உதவிக்கு நின்ற மோட்டார் சைக்கிள்காரர்களை எல்லாம், "வேண்டாம் அண்ணை, நாங்கள் ஆசைக்கு ஓடுறம்" என்று அனுப்பிவைத்தோம். அவர்கள் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அப்போது என் முதுகில் ஒரு கை விழுந்தது. பக்கத்தில் ஸ்கூட்டர், அதன்மேல் சேலையை இழுத்துச் செருகிய ஒரு அன்ரி.

"ஹாண்டிலை நேராய்ப் பிடியும் பிள்ளை. நான் தள்ளிவிடுறன்."

"ஐயோ, வேண்டாம் அன்ரி! தள்ளக் கூடாது!"

"வெக்கப்படாதையும்."

சைக்கிள் பறந்தது. பிரேக்கைப் பிடித்தால் இருவரும் கிரவலில்தான். கூடைக்குள் போத்தல் துள்ளியது. பின்னால் மச்சாளின் சிரிப்பு தேய்ந்து தேய்ந்து தொலைந்தது. அன்று முதல் தடவையாகக் காற்று குளிர்ந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சந்திக்கு வந்துதான் கையை எடுத்தார். எடுத்ததும், யார் வீட்டுப் பிள்ளை என்று எங்கள் ஊரில் எவரும் கேட்கும் கேள்வி: "நீர் ஆற்றை பிள்ளை?"

மானிப்பாய் என்றேன். அம்மம்மாவின் ஊரைக் கேட்டார், சொன்னேன். இரண்டு கலியாணங்களைச் சுற்றி வந்து உறவாகிவிட்டோம். யாரிடமோ இலக்கம் வாங்கி, நான் தடுக்குமுன் அப்பாவுக்கே அழைப்பு எடுத்துவிட்டார்.

"அண்ணை, உங்கடை மகளைப் பத்திரமாய்த் தள்ளிக்கொண்டு வந்து விட்டிட்டன். யோசியாதையுங்கோ!"

மச்சாள் சந்திக்கு வந்து சேர்ந்ததும், மிச்ச வழி முழுவதும் மிதித்தே வந்தோம். அப்பா கேற்றடியில் நின்றார்.

"மன்னாருக்கும் அன்ரி வருவாவோ?"

நான் கேட்கவில்லை, கத்தித் தடுத்தேன், என்னைத் தள்ளியது அன்ரியின் கைதான் என்றெல்லாம் வாதாடினேன். சாட்சி சொல்ல வேண்டிய மச்சாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அன்ரி என்ன, ஓடியோ வந்தவா?" என்றார் அப்பா. பிறகு சைக்கிள் ரயரை அமத்திப் பார்த்தார். "காத்தடிச்சு வை. திரும்ப ஓடு."

ஆகவே வருகிற சனிக்கிழமை மறுபடியும் மணற்காடு. முதுகில் கட்ட மட்டையில் எழுதியாயிற்று: "தயவுசெய்து தள்ள வேண்டாம்." அன்ரியின் வீடு அந்தச் சந்தியிலேயேதான். மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரச் சொல்லியிருக்கிறார். நண்டுக் கறியாம். அதைச் சாப்பிட்ட வயிற்றோடு, ஸ்கூட்டரை முற்றத்திலேயே நிற்க வைத்துவிட்டு, சோளகத்துக்கு எதிராக மிதித்து வீடு சேர வேண்டும்.