அண்ணன் தைத்த அகலப் போர்வை

சாக்கைத் தலைகீழாகப் பிடித்து நைனா உதறியதும் துணிகளுக்கு முன்னால் அவற்றின் வாசனைதான் வீட்டுக்குள் வந்தது. புதுத்துணியின் கஞ்சி மணமும், தையல் மெஷின் எண்ணெய் வாடையும், பலாப்பழங்களோடு ஒரே ஜீப்பில் மலையேறி வந்ததால் ஒட்டிக்கொண்ட இனிப்பும் கலந்த அந்த வாசனையை மூக்கு நிறைய இழுத்துக்கொண்டு, கட்டிலில் சாய்ந்திருந்த என் அண்ணன் ஏழுமலை நைனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். நைனா அவனைப் பார்க்கவில்லை. "கீய இருந்து எட்தாந்தேன். வேணும்னா வெச்சிக்கோ" என்று சாக்கைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, முகம் கழுவப் போய்விட்டார்.

அப்பாவை நாங்கள் "நைனா" என்றுதான் கூப்பிடுவோம். மலைமேல் இருக்கிற எங்கள் புதூர்நாட்டிலிருந்து கீழே திருப்பத்தூருக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். பஸ் எப்போதாவது வரும், வராமலும் போகும் என்பதால், புளி மூட்டையும் பள்ளிக்கூட வாத்தியாரும் பிரசவத்துக்குப் போகிற பெண்ணும் அவருடைய ஜீப்பில்தான் மலை இறங்க வேண்டும். அம்மா ஆலங்காயத்துப் பெண். பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். மூத்தவன் ஏழுமலை, நடுவில் நான், எனக்குப் பிறகு வெகு காலம் கழித்துப் பிறந்த தம்பி சக்தி.

அண்ணன் சின்ன வயதிலிருந்தே அடிக்கடி விழுவான். கல் தடுக்காமலே விழுவான். முதலில் கவனமில்லாதவன் என்று திட்டினார்கள், பிறகு சத்துக் குறைவு என்று கேழ்வரகுக் கூழில் நெய் விட்டுக் கொடுத்தார்கள், அப்புறம் மந்திரித்தார்கள். ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தின் மூன்று படியை ஏற முடியாமல் அவன் நின்றுவிட்ட அன்றுதான் நைனா ஜீப்பை எடுத்தார். சக்தியை அத்தையிடம் விட்டுவிட்டு, நாங்கள் நால்வரும் வேலூருக்குப் போனோம். அங்கே டாக்டர் அண்ணனைத் தரையில் உட்காரச் சொன்னார், பிறகு எழுந்திருக்கச் சொன்னார். அவன் முதலில் முட்டியில் கையை ஊன்றினான், அப்புறம் தொடையில், அப்புறம் இன்னும் கொஞ்சம் மேலே. மரம் ஏறுகிற மாதிரி தன் உடம்பின் மேலேயே தான் ஏறி நிமிர்ந்து நின்று, ஜெயித்துவிட்டவன்போல டாக்டரைப் பார்த்துச் சிரித்தான். டாக்டர் சிரிக்கவில்லை.

தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வரும் நோய் என்றார்கள். கால், பிறகு கை, கடைசியில் மூச்சு. ஆண் பிள்ளைகளுக்குத்தான் வரும், பெரும்பாலும் தாய் வழியாக வரும், குணப்படுத்த மருந்தில்லை. வீட்டில் சின்னவன் ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்ததும், "அவனையும் இட்டாந்து காட்டுங்க" என்று டாக்டர் சொன்னார். திரும்பி வருகிற வழி முழுக்க நைனா அதற்கு மட்டும்தான் பதில் சொல்லிக்கொண்டு வந்தார்: "சின்னவன் நல்லா ஓடியாடினு கீறான். அவனுக்கு இன்னா?" அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். சக்தியை யாரும் வேலூருக்குக் கூட்டிப் போகவில்லை.

விஷயம் தெரிந்ததும் அத்தை, அம்மாவின் காதில் விழும்படியே, "அவ ரத்தத்துல வர்ற சீக்காம்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். நைனா ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு, "நான் தேடிப் போய் கட்டினவ அவ. ரத்தத்த பாத்தா கட்டினேன்? இனிமே இந்தப் பேச்சு என் வூட்ல வரக் கூடாது" என்றார். அத்தை அதற்குப் பிறகு பேசவில்லை. ஆனால் பேசிய பேச்சு அம்மாவின் மனதை விட்டுப் போகவில்லை. அண்ணனைத் தூக்கும்போதெல்லாம் அவள் உதடு எதையோ முணுமுணுக்கும். மன்னிப்புக் கேட்கிறாள் என்று நான் அப்போது நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பள்ளிக்கூடம் நின்ற பிறகு அண்ணன் பகல் முழுக்கக் கட்டிலில் இருந்தான். மார்கழியில் எங்கள் மலையில் அடிக்கிற குளிருக்கு ஒரு போர்வை போதாது. பழைய புடவைகளை அடுக்கி மேலே துண்டுத்துணிகளை ஒட்டித் தைத்த கனமான போர்வை ஒன்று எங்களிடம் இருந்தது, அதன் ஒரு மூலை பிரிந்து பஞ்சாக நைந்த சீலை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் சும்மா இருக்க முடியாமல் அம்மாவிடம் ஊசி கேட்டு வாங்கி அந்த மூலையை அவன் தைத்தான். தைத்து முடித்ததும் அதைப் பிரித்தான். நன்றாக இல்லையாம். திரும்பத் தைத்தான். பொழுது போனதே தெரியவில்லை என்று அவன் சொன்னபோது அம்மா அழுதாள். பொழுது போவது அந்த வீட்டில் அவ்வளவு பெரிய விஷயமாகியிருந்தது.

நைனாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "ஆம்பளப் புள்ள ஊசிய புட்சிக்கினு குந்தினு கீறான். பாக்கறவங்க இன்னா சொல்வாங்க?" என்று அம்மாவிடம் எரிந்து விழுந்தார். அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டேதான் தைத்தான். என் பழைய பாவாடை, நைனாவின் கிழிந்த காக்கிச் சட்டை, திருவிழாவில் கிடைத்த சிவப்புத் துண்டு என்று வீட்டில் கிடைத்ததையெல்லாம் சேர்த்து அவன் முடித்த முதல் போர்வை சின்னதாக, கோணலாக இருந்தது. ஆளைப் போர்த்தப் பற்றாது. ஜீப்பின் முன்சீட்டு கிழிந்து நார் குத்திக்கொண்டிருந்ததால் அம்மா யாரிடமும் கேட்காமல் அதைக் கொண்டுபோய் அங்கே விரித்துவிட்டாள். அன்றைக்கு ஜீப்பில் ஏறியவர்களெல்லாம், "இன்னா டைவரே, சீட்டு ஜோரா கீது, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். "எம் புள்ள தெச்சான்" என்று நைனா எத்தனை பேருக்குச் சொன்னாரோ தெரியாது. மாலையில் திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த தையல்கடைக்குப் போய், வெட்டி மிச்சமான துண்டுகளைக் கேட்டு ஒரு சாக்கு நிறைய வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். நான் முதலில் சொன்னது அந்தச் சாக்கைத்தான்.

தையல்கடை பாய் அதற்குப் பிறகு அண்ணனுக்காகவே நல்ல துண்டுகளைத் தனியாக எடுத்து வைத்தார். "எங்க வூட்ல இத்த கோதடின்னு சொல்வாங்க. தம்பிகிட்ட சொல்லுங்க, உள்ள போடற துணிய நல்லா ஒதறி ஒலத்திட்டு போடச் சொல்லுங்க" என்று ஒரு தரம் சொல்லியனுப்பினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் அதற்குப் பெயர் "கோதடி" ஆகிவிட்டது.

அந்த இரண்டு மூன்று வருடங்களில் நாங்கள் சந்தோஷமாகவும் இருந்தோம் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யாகிவிடும். அண்ணன் கட்டிலிலிருந்து உத்தரவு போடுவான். நானும் சக்தியும் தரையில் தவழ்ந்து துண்டுகளை அடுக்குவோம். "மஞ்சள அங்க போடாத, பச்ச கோச்சிக்கும்" என்பான். "அந்த கோடு போட்ட துணி எங்கடா? அது மேல குந்தினு கீற பார், எந்திரிடா சேட்டு" என்று, தான் வைத்த செல்லப் பெயரைச் சொல்லிச் சக்தியை விரட்டுவான். யாராவது வந்து அவன் காலைப் பார்த்து உச்சுக்கொட்டினால், "காலுதான் போச்சி, கண்ணு நல்லா கீது. இந்தக் கலரு எப்டி கீது, அத்த சொல்லு" என்று துணியை அவர்கள் மடியில் போடுவான். வந்தவர்கள் திணறிப்போய், நன்றாக இருக்கிறது என்பார்கள். ஒரு கோதடியாவது நேராக வந்ததில்லை. விலைக்குக் கேட்டவர்களும் உண்டு. "வேலையா செஞ்சா அப்புறம் அலுத்துடும்" என்று சொல்லிவிட்டான்.

நான் பெரியவளானபோது மஞ்சள் நீராட்டுக்கு மாமா வீட்டுச் சீர் வந்தது, பந்தல் போட்டார்கள், ரேடியோ செட் வைத்தார்கள். அண்ணன் எனக்காக ஒரு கோதடி தைத்து வைத்திருந்தான். கல்யாண ரவிக்கைகள் வெட்டிய மிச்சத்தில் பட்டும் ஜரிகையுமாக, தொட்டால் ஒரு இடம் வழுக்கும், ஒரு இடம் சொரசொரக்கும். அம்மா வெகு நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு, வந்தவர்களுக்கு அதை விரித்து விரித்துக் காட்டினாள். பந்தலில் பிள்ளைகளுக்கு முதல் பந்தி. சாப்பிட்டு முடித்த பிள்ளைகள் துள்ளி எழுந்து கை கழுவ ஓடினார்கள். சக்தி மட்டும் உட்கார்ந்திருந்தான். பிறகு முட்டியில் கையை ஊன்றினான். பிறகு தொடையில்.

மணையில் உட்கார்ந்திருந்த நான் அதைப் பார்த்தேன். பந்தல் காலோரம் நாற்காலியில் இருந்த அண்ணனும் பார்த்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கூட்டம் கலைந்த பிறகு அவன் என்னைக் கூப்பிட்டு, "இன்னிக்கு சொல்லாத தேவி. இன்னிக்கு அம்மா சிரிச்சிக்கினு கீது" என்றான்.

மறுநாள் அவனே அம்மாவிடம் சொன்னான். சொல்லி முடிக்கும் முன்பே அம்மா, "எனக்குப் பொங்கல் அப்பவே தெரியும்டா. மாட்டுக் கொட்டாய்ல வியிந்துட்டு எந்திரிச்சான், பாத்தேன். உனக்குத் தெரிய வாணாம்னுதான்..." என்று நிறுத்திவிட்டாள். ஒருவருக்குத் தெரியக்கூடாது என்று மற்றவர் மூடி வைத்துக்கொண்டு, எல்லோரும் தெரிந்தே ஒரு வீட்டில் இருந்திருக்கிறோம். நைனாவிடம் யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த வாரம் அவர் சக்தியைத் தோளில் வைத்துக்கொண்டு பலா மரம் பலா மரமாகச் சுற்றினார். வேலூருக்கு அவனைக் கூட்டிப் போனது அதற்கப்புறம்தான்.

அதற்குப் பிறகு அண்ணன் தொடங்கிய கோதடி வழக்கத்தைவிட அகலமாக இருந்தது. கட்டிலில் விரித்தால் இரண்டு பக்கமும் தரையைத் தொட்டது. எதற்கு இவ்வளவு அகலம் என்று அம்மா கேட்டாள். "நானும் சேட்டும் ஒண்ணா போத்திக்கறதுக்கு" என்றான் அவன், ஊசியில் நூல் கோத்தபடியே. அம்மா கேட்டிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. அப்போதே அவன் விரல்கள் தளர ஆரம்பித்திருந்தன. கனத்த துணியில் ஊசி ஏறாது. நான் இந்தப் பக்கமிருந்து இழுத்துவிடுவேன். ஒரு வரிசை தைத்துவிட்டு மூச்சு வாங்குவான். சக்திக்கு என்ன ஆகப்போகிறது என்பதை அந்த வீட்டில் அவன்தான் சொல்ல முடியும், அவன் உடம்பில் அது ஏற்கெனவே நடந்திருந்தது. ஆனால் தம்பி கேட்டபோதெல்லாம், "உனக்கு என்ன மாதிரி ஆவாது, மருந்து கண்டுபுடிச்சிடுவாங்க" என்றே சொன்னான்.

அந்த வருடக் குளிரில் அவனுக்குச் சளி கட்டியது. இருமக்கூடத் தெம்பில்லை. நைனா ஜீப்பை எடுத்தார். பின்சீட்டில் அவன் தலை என் மடியில் இருந்தது, அம்மா காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மலை வளைவுகளில் நைனா வண்டியை விரட்டினார். "நைனா, மெல்ல ஓட்டு. ஒண்ணும் அவசரம் இல்ல" என்றான் அண்ணன். அவன் சொன்னதை அவர் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள், எல்லாம் செய்தார்கள். மறுநாள் விடிந்தபோது அவன் இல்லை.

அந்த அகலக் கோதடி ஒரு ஓரம் தைக்கப்படாமல் இருந்தது. எடுப்பதற்கு முன்னால் நைனா அதைக் கொண்டுவந்து அவன் மேல் போர்த்தினார். அம்மா தடுத்தாள், அது சின்னவனுக்கும் சேர்த்துத் தைத்தது, அவனுக்கு வேண்டும், குளிரும் என்று அழுதாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சுவரைப் பிடித்தபடி நின்றிருந்த சக்தி, "அண்ணனுக்கே குட்துடும்மா. எனக்குக் குளுராது" என்றான். அம்மாவின் கை தானாக விட்டுவிட்டது. இரண்டு பேருக்காகத் தைத்ததை ஒருவன் மேல் மடித்துச் சுற்றி மண்ணுக்குள் வைத்தார்கள்.

சக்தி ஊசியைத் தொடவில்லை. நான் ஒரு முறை துண்டுத்துணிகளை எடுத்து வைத்தபோது, "எனக்கு வாணாம். அத்த எட்துக்கினு போ" என்று கத்தினான். அவனுக்கு மொபைலும் கிரிக்கெட்டும் போதும். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். அண்ணன் இருந்த கட்டிலில் அண்ணன் செய்ததையே செய்துகொண்டு உட்கார அவனுக்கு எப்படி மனம் வரும்? அண்ணனைவிடச் சில வருடங்கள் கூடுதலாக இருந்துவிட்டு, போன வருடம் அவனும் போனான்.

நான் இப்போது ஆலங்காயத்தில் இருக்கிறேன். வாணியம்பாடிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறேன். அது வேலை, அலுப்புத்தான். கல்யாணத்துக்கு முன்பே என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு ரத்தப் பரிசோதனை செய்தோம், எனக்குள்ளும் அது இருக்கிறது என்றார்கள். பிள்ளை வேண்டாம் என்று நாங்கள் எடுத்த முடிவை அம்மாவிடம் சொன்னபோது அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கென்று தைத்த பட்டுக் கோதடி துவைத்துத் துவைத்து நைந்து போய்விட்டது. மலைக்கு இப்போது பஸ் கொஞ்சம் ஒழுங்காக வருகிறது. நைனா ஜீப்பை விற்றுவிட்டார். அண்ணன் கட்டில் இருந்த இடத்தில் புளி மூட்டை அடுக்கியிருக்கிறார்கள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, சாப்பிட்டுவிட்டு மத்தியானம் அம்மாவின் பக்கத்தில் படுத்தேன். கடைசி வருடங்களில் சக்தியால் தானாகப் புரள முடியவில்லை. ஒரே பக்கமாகப் படுத்தால் புண்ணாகிவிடும் என்று அம்மா தூக்கத்திலும் எழுந்து அவனைப் புரட்டிவிடுவாள். கண்ணயர்ந்துகொண்டிருந்த என் தோளுக்கடியில் ஒரு கையும் இடுப்புக்கடியில் ஒரு கையும் நுழைந்ததை உணர்ந்தேன். அம்மா நல்ல தூக்கத்தில் இருந்தாள், கண் திறக்கவில்லை. பழகிய கை, வலிக்காமல் என்னை மறுபக்கம் புரட்டிப் படுக்க வைத்தது. முதுகை ஒரு முறை தடவிவிட்டு ஓய்ந்தது. நான் திரும்பாமல், அவள் படுக்க வைத்தபடியே படுத்திருந்தேன்.