குறுக்கே வைத்த குச்சிகள்

குடிபெயர்ந்து வந்த நகரத்தின் எப்சம் பகுதியில் நான் அறை எடுத்துத் தங்கியிருந்த வீட்டின் சாப்பாட்டு மேசையில், ஆளில்லாத ஓர் இருக்கைக்கு முன்னால் எப்போதும் ஒரு சோடி சாப்ஸ்டிக் குச்சிகள் கிடக்கும். கறுப்பு நிறம், நுனி கொஞ்சம் தேய்ந்தவை. மற்றவர்களுடைய குச்சிகள் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நெடுக்காக இருக்க, இந்தச் சோடி மட்டும் இருக்கைக்கு முன்னால் குறுக்காகக் கிடக்கும். வீட்டுக்கார அக்கா சீனர். அவருடைய கணவர் யப்பானியர்; அந்த இருக்கை அவருடையது. சீனர்கள் நெடுக்காக வைப்பார்கள், யப்பானியர்கள் குறுக்காக வைப்பார்கள் என்பதே எனக்கு அந்த மேசையில்தான் தெரியவந்தது. குச்சி வைப்பதில்கூடவா வீம்பு என்று நான் சிரித்தால், "கலியாணம் முடித்த நாளிலிருந்து சொல்கிறேன், அந்த மனுசன் கேட்டால்தானே!" என்பார் அக்கா. எங்களுக்குள் ஓடியது ஓட்டை ஆங்கிலம்தான். அதைத்தான் என் தமிழில் சொல்கிறேன்.

கணவர் சீனாவின் கரையோர நகரம் ஒன்றில், யப்பானியக் கார்களுக்குப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் மேலாளர். மகளின் படிப்புக்காகத் தாயும் மகளும் இங்கே. சம்பளத்துக்காக அவர் அங்கே. ஆள் ஒழுங்காகச் சாப்பிடமாட்டார் என்று அக்காவுக்கு ஓயாத சந்தேகம். அதனால் மதியச் சாப்பாட்டைத் தினமும் படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்பது கட்டளை. அங்கே மதியமாகும்போது இங்கே பின்னேரம்; மகள் பள்ளிக்கூடத்தால் வந்து கொஞ்ச நேரத்தில் படமும் வந்துவிடும். சோறு, மீன், முன்னால் குறுக்காகக் குச்சிகள். "அப்பா சாப்பிட்டாச்சு" என்று அவள் வீட்டுக்கே அறிவிப்பாள்.

யாரும் குடியிருக்காத சில தீவுகள் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு நாடுகளும் முறுக்கிக்கொண்ட வருடம் அது. சீன நகரங்களில் கூட்டம் தெருவுக்கு வந்தது. யப்பானியக் கடைகளின் கண்ணாடிகள் நொறுங்கின. யப்பானியக் கார் ஓட்டிய பாவத்துக்குச் சீனருக்கே அடி விழுந்தது. அந்தத் தொழிற்சாலையை நம்பித்தான் எத்தனையோ சீன வீடுகளில் அடுப்பு எரிந்தது என்றார் அக்கா. அதன் வாசலிலும் கூட்டம் கூடியது. உடனே புறப்பட்டு வாருங்கள் என்று அவர் போனில் கெஞ்ச, வேலையாட்களை விட்டுவிட்டு எப்படி வருவது என்று கணவர் நாளைக் கடத்தினார். அந்தக் கிழமை ஒருநாள் வந்த படத்தைப் பார்த்து அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சோறு இருந்தது, மீன் இருந்தது. குச்சிகள் நெடுக்காக இருந்தன.

"பரிமாறியவன் வைத்திருப்பான், அதுக்கென்ன" என்றேன். அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். மனம் கேட்காமல், ஊரின் மறுபக்கம் பிளாட் புஷ்ஷில் இருந்த என் அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"எங்க வச்சுச் சாப்பிட்டவராம்?" என்று கேட்டார் அம்மா.

"ஏதோ கடையில போல கிடக்கு. சுத்திவர ஆக்கள்."

"அப்ப அந்தாள் பொட்டை அழிச்சுப்போட்டுது, பிள்ளை."

கொழும்புக் கலவரத்தில், என்னை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்த அம்மா, தமிழச்சி என்று தெரியாமலிருக்கச் சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்தவர். அதைப் பற்றி அவர் அதிகம் கதைத்ததே இல்லை.

சில கிழமைகளில் கணவர் ஒரு கீறலும் இல்லாமல் வந்து சேர்ந்தார். அப்பாடா என்றிருந்தது எங்களுக்கு. அக்கா அவருக்குப் பிடித்த மீனைப் பொரித்தார். மேசைக்கு வந்தவர், தனக்காகக் குறுக்காகக் கிடந்த குச்சிகளை எடுத்து, யோசிக்காமலே நெடுக்காக வைத்தார். தன் சொந்த வீட்டில், கதவு பூட்டியிருக்கும்போது! இத்தனை காலம் அதற்காகச் சண்டை பிடித்த அக்கா தலையைக் குனிந்துகொண்டார். மகள்தான் எழுந்துபோய் அவற்றைத் திரும்பக் குறுக்காக வைத்தாள். "இங்கே யாரும் பார்க்கேல்லை அப்பா" என்றாள். அன்றைக்கு அந்தக் குழந்தையைக் கட்டிப்பிடித்து அழவேண்டும்போல் இருந்தது எனக்கு.

அவள் இப்போது பெரிய பெண். தகப்பன் வேலை செய்த அதே சீன நகரத்தில், ஒரு யப்பானிய நிறுவனத்தில் வேலை. இரண்டு மொழியும் தெரிந்தவளுக்கு அங்கேதான் மதிப்பு. தகப்பனைப் போலவே குறுக்காக வைத்துச் சாப்பிடுகிறவள். தாயின் கட்டளைப்படி படமும் அனுப்புகிறவள். இப்போது மறுபடியும் தொடங்கிவிட்டது. தைவானைப் பற்றித் தோக்கியோ ஒன்று சொல்ல, யப்பானுக்குப் போகாதீர்கள் என்று பெய்ஜிங் தன் மக்களுக்குச் சொல்ல, இரண்டு நாடுகளுக்கும் இடையிலான மீன் வியாபாரமும் நின்றது. இந்தமுறை எங்கே போய் முடியுமோ என்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

போன சனிக்கிழமை பின்னேரம் எப்சத்துக்குப் போயிருந்தேன். கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அந்த இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். தேய்ந்த அதே குச்சிகள் அவருக்கு முன்னால் குறுக்காகக் கிடந்தன. நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது மகளின் சாப்பாட்டுப் படம் வந்தது. பார்த்த அக்கா போனைக் கணவரிடம் நீட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். நூடுல்ஸ் கிண்ணம், பக்கத்தில் நெடுக்காகக் குச்சிகள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு, குச்சிகள் குறுக்காகத் தெரியும்படி போனை மெல்லப் பக்கவாட்டில் திருப்பினார். படமும் உடனே தன்பாட்டில் திரும்பிக்கொண்டது. குச்சிகள் நெடுக்காகவே நின்றன. அவர் இன்னொரு முறை திருப்பினார்.