மீனலோசனி எழுதிய அளவு

புளியங்கூடல் மாதர் சங்கத்தில் மீனலோசனியைப் போலக் கும்மியடிக்க ஆளில்லை. வயது நாற்பத்தாறு, ஆள் நல்ல பருமன், கால் மட்டும் தரையில் படுகிறதா என்று சந்தேகம் வரும். ஆனால் ஒத்திகையில் யாராவது கைபேசியைத் தூக்கினால் போதும், தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். கல்யாணப் படங்களிலெல்லாம் அவள் யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால்தான்.

ஆண்டு விழாவுக்கு எட்டுப் பேருக்கும் ஒரே நிறத்தில் சேலையும் சட்டையும் என்று முடிவானது. வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச்சனம் நேரலையில் பார்க்குமல்லவா! சட்டை அளவுகளை எழுத ஒரு தாள் கைமாறி வந்தது. முன்னால் எழுதியவர்களின் சின்னச் சின்ன இலக்கங்களைப் பார்த்ததும் மீனலோசனிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நாற்பத்திரண்டு என்று எழுத வேண்டியவள் முப்பத்தெட்டு என்று எழுதிவிட்டாள்.

விழாவன்று மத்தியானம்தான் தைத்த சட்டைகள் வந்தன. அவளுடைய சட்டையில் கொழுக்கிக்கும் அதை மாட்டும் கண்ணுக்கும் நடுவே நாலு விரல் வெளி. கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். பிறகு சங்கத் தலைவி இரஞ்சிதத்துக்கு அழைத்து, காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள்.

கால் மணித்தியாலத்தில் இரஞ்சிதம் சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றாள்.

"காய்ச்சலோ? இஞ்சை பாரும்," என்று சால்வையை விலக்கினாள். அவளுடைய சட்டையும் பூட்டுப்படவில்லை. "நானும் குறைச்சுத்தான் எழுதினனான், மீனா."

தையற்காரி அஞ்சலாவுக்கு அழைத்தார்கள். அவள் சிரித்த சிரிப்பு வீடு முழுக்கக் கேட்டது.

"எட்டுப் பேரில ஆறு பேர் பொய் எழுதியிருக்கிறியள்! உங்களை நான் காணாத ஆளோ? எழுதினபடி தைக்காட்டிச் சண்டைக்கு வருவியள் எண்டுதான் விட்டனான். ரெண்டு பக்கமும் உள்ளுக்குத் துணி விட்டு, உங்கட உண்மை அளவுக்கு இன்னொரு தையலும் போட்டுக் கிடக்கு. முதல் தையலைப் பிரியுங்கோ!"

மற்ற நாலு பேருக்கும் சொல்லிவிட்டு, இருவரும் நிலத்தில் உட்கார்ந்து பிளேடால் பிரித்தார்கள்.

"என்னைக் கமரா காணாத பக்கமா விடும்," என்றாள் மீனலோசனி.

"கும்மியில எங்கையப்பா அப்பிடி ஒரு பக்கம்? சுத்திச் சுத்தி வரவெல்லோ வேணும்!"

அன்று பின்னேரம் அவள் சுற்றினாள். முதல் சுற்றில் வயிற்றை எக்கிக்கொண்டாள். மூன்றாம் சுற்றில் அதை மறந்தே போனாள். ஆறு சட்டைகளிலும் பிரித்த தையலின் தடம் தெரிந்தது. தெரிந்தால் என்ன!

வீட்டுக்கு வந்து சேலை மாற்றும் முன்பே பாரிசிலிருந்து தங்கை பிரியவதனி அழைத்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"ஏனடி, அவ்வளவு வடிவில்லையோ?"

"போ அக்கா. பதினெட்டு வருசமாப் போனில முகத்தை மட்டும்தானே காட்டினனீ. இண்டைக்குத்தான் என்ர அக்காவை முழுசாப் பாத்தனான்."