குஷன்காரர் வண்டி பார்க்கிறார்

பின்சீட்டின் நடுவில், செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். கண் மூடியிருக்கிறது. இரண்டு கையும் தொடைமேல். நான்கு கதவுகளும் சாத்தியிருக்கின்றன. வெளியே டை கட்டிய விற்பனையாளர் கண்ணாடி வழியே குனிந்து பார்க்கிறார். மூச்சு வருவது தெரிந்ததும் நிமிர்ந்துகொள்கிறார். உள்ளே போனவர் கால் மணி நேரம் கழித்துத்தான் கண் திறப்பார் என்பது அந்த ஷோரூமில் காவலாளி உட்பட எல்லாருக்கும் தெரியும். கண் திறந்ததும் சொல்லப்போகும் வாக்கியமும் தெரியும்.

"எலும்பு தட்டுது."

அவரைக் குஷன்காரர் என்பார்கள். வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது வங்கியில் மட்டும் புழங்குகிறது. முப்பது வருடமாகப் பேருந்து, லாரி, கார் எதன் இருக்கை கிழிந்தாலும் அவருடைய தகரக் கூரைப் பட்டறைக்குத்தான் வரும். இருக்கை மட்டும்தான் வரும், வண்டி வராது. மெக்கானிக்குகள் கழற்றித் தள்ளுவண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். சிமெண்டுத் தரையில் அது தனியாகக் கிடக்கும். முதலில் அதன்மேல் இவர் கொஞ்ச நேரம் உட்காருவார். பிறகு ரெக்சினை உரித்து, நொறுங்கிய ஸ்பாஞ்சைக் கொட்டி, ஸ்பிரிங்கை விரலால் அழுத்திப் பார்த்து, "இதுல மூணு வருஷமா ஒரு கனத்த ஆள் இடது பக்கமாவே சாஞ்சிருக்கார். அந்தப் பக்கம் ஜன்னல் திறக்காதுன்னு நினைக்கிறேன்" என்பார். விசாரித்தால் சரியாக இருக்கும். யாரிடமும் கைகட்டி நின்று தொழில் கற்றவரில்லை. பழைய இருக்கைகளைப் பிரித்துப் பிரித்து, முன்னால் தைத்தவர்கள் செய்த தப்புகளைப் பார்த்தே கற்றுக்கொண்டார். ஆகவே எந்த இருக்கையைப் பார்த்தாலும் முதலில் தப்புதான் கண்ணில் படும்.

யார் வீட்டுக்குப் போனாலும் "உக்காருங்க" என்றவுடன் உட்கார்ந்துவிட மாட்டார். கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி, அது எழும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பார். பல் மருத்துவர் ஒருமுறை கடைவாயில் கருவியை வைத்திருந்தபோது, இவர் வாயைத் திறந்தபடியே கையை நாற்காலிக்கு அடியில் விட்டுத் தையலை எண்ணிக்கொண்டிருந்தார். வலிக்கிறதா என்று மருத்துவர் கேட்டார். "நூல் மெல்லிசு" என்று பதில் வந்தது.

வீட்டில் ஐந்து பேர். இவர், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மனைவி, மூன்று பிள்ளைகள். இருக்கிற சின்னக் காரை மனைவி ஓட்ட, இவர் பக்கத்தில் உட்கார, மூன்றும் பின்னால். ஒரு ஜன்னலோரம் மூத்தவளுக்கு, ஏனென்றால் அவள் மூத்தவள். இன்னொரு ஜன்னலோரம் கடைக்குட்டிப் பையனுக்கு, ஏனென்றால் அவன் அழுவான். மிச்சம் இருந்த இடம் நடுமகளுக்கு. வயது பதின்மூன்று. கையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் கவர். தெருமுனை திரும்புவதற்குள் அவள் முகம் வெளுத்துவிடும். பெரிய சாலை ஏறுவதற்குள் கவருக்கு வேலை வந்துவிடும்.

குஷன்காரர் சும்மா இருப்பாரா? அந்த நடு இடத்தை மூன்று முறை பிரித்துத் தைத்தார். புதுப் பஞ்சு வைக்க வைக்க, ஒவ்வொரு முறையும் அது விரலளவு உயர்ந்தது. மூன்றாம் முறை ஏறி உட்கார்ந்த நடுமகள் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா, இன்னொரு தடவை தெச்சீங்கன்னா நான் கூரைமேலதான் உக்காரணும். பரவால்ல, அங்க காத்தாவது வரும்."

அன்று இறங்கியவள்தான். அதன்பிறகு குடும்பம் எங்கே கிளம்பினாலும் அவள் அத்தை வீட்டுக்கு நடந்து போய்விடுவாள்.

பதினான்கு மாதமாகக் குஷன்காரர் புது வண்டி பார்ப்பது இதற்காகத்தான். அவர் சக்திக்கு எட்டிய விலையில், ஐந்து பேருக்கு நடுத்தர அளவில், கிராஸ்ஓவர் என்று ஒரு ரகம் எல்லாக் கம்பெனியிலும் வந்திருந்தது. காரைவிட உயரம், ஜீப்பைவிடக் குள்ளம். இரண்டு வீட்டுச் சாயலும் உள்ள பிள்ளை. சனிக்கிழமைதோறும் ஒன்றைப் பார்க்கப் போவார். மனைவிக்குச் சனிக்கிழமை வேலை உண்டு. பிள்ளைகளை அவர் அழைத்துப் போவதில்லை. அவர்களுக்குப் பதிலாகப் பலகைகள் போகும்.

மூன்று ஒட்டுப்பலகைகள். ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் இடுப்பகலம். ஐந்து வருட வளர்ச்சிக்கு மேற்கொண்டு இரண்டு அங்குலம். பின்சீட்டில் வரிசையாக நிறுத்தி, நடுப்பலகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். "பிள்ளைங்களையே கூட்டிட்டு வரலாமே சார்" என்று ஒருவர் கேட்டதற்கு, "பலகை எதிர்த்துப் பேசாது" என்றார். முதல் ஷோரூமில் அவரை அலமாரி செய்ய வந்தவர் என்று நினைத்துப் பின்வாசலுக்கு அனுப்பினார்கள். அளவெல்லாம் ஒரு நோட்டில் இருக்கிறது. மனைவிக்கும் ஒரு பக்கம் உண்டு: பதினாறு அங்குலம் அவள் சொன்னது, பத்தொன்பது டேப் சொன்னது. அந்தப் பக்கத்தை மட்டும் மடித்து ஊக்கு குத்தி வைத்திருக்கிறார்.

விற்பனையாளர்கள் கூரைக் கண்ணாடி திறப்பதைக் காட்டுவார்கள். "மழை பெஞ்சா?" என்பார். எட்டு ஸ்பீக்கர் என்பார்கள். "பாட்டு வீட்டுலயே கேக்கலாம்" என்பார். ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னால் மட்டும் கொஞ்சம் கோபம் வரும். "ஓட்டறவங்க எப்படியும் சௌகரியமா உக்காந்துடுவாங்க. கம்பெனிக்காரன் பஞ்செல்லாம் அங்கதான் கொட்டறான். நடுவுல உக்காரப்போறது யாருன்னு அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் வண்ணப்படக் காகிதத்தோடு வீட்டுக்கு வருவார். நடுமகள் அதை வாங்கி ஒரே பார்வையில் மதிப்பெண் போட்டுவிடுவாள். "இது ரெண்டு கவர் வண்டி." அல்லது, "மூக்கைப் பாத்தாலே ஒண்ணரை."

இப்படியே இன்னும் பத்து வருடம் போயிருக்கும். ஆனால் மூத்தவளுக்கு எட்டு மணி நேரப் பயணத் தொலைவில் கல்லூரியில் இடம் கிடைத்தது. விடுதியில் கொண்டுபோய் விட எல்லாரும் போக வேண்டும். "நான் வாசல்லயே வழியனுப்பிடறேன்" என்றாள் நடுமகள். மூத்தவள் பெட்டி அடுக்குவதை நிறுத்தினாள். "அவ வரலைன்னா யாருமே வர வேண்டாம். நான் பஸ்ல போய்க்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடி, அதன்மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். பெட்டி மெத்தென்று இல்லை என்று குஷன்காரர் சொன்னதை யாரும் ரசிக்கவில்லை.

ஆகவே அந்தச் சனிக்கிழமை மனைவி விடுப்பு எடுத்தாள். ஷோரூமுக்குக் குடும்பமே வந்தது; நடுமகள் மட்டும் பின்னாலேயே நகரப் பேருந்தில் நின்றுகொண்டு வந்தாள். அது குஷன்காரர் பார்த்த பத்தொன்பதாவது வண்டி. அதை அவர் பார்ப்பது நான்காவது முறை. சாயங்காலம் ஐந்து மணிக்குள் பதிவு செய்தால் கல்லூரி திறப்பதற்கு முன் வண்டி கைக்கு வந்துவிடும் என்றார் விற்பனையாளர். தவறினால் இரண்டு மாதம். மணி நான்கேகால். கணவர் உள்ளே கண்மூடி உட்கார்ந்திருப்பதை மனைவி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வளையலால் கண்ணாடியைத் தட்டினாள்.

அவர் இறங்கிச் செருப்பை மாட்டினார். "எலும்பு தட்டுது. நடு சீட்டு முதுகுல கை வைக்கிற பலகையை மடிச்சு ஒளிச்சு வெச்சிருக்கான். அதுமேல பஞ்சு அரை அங்குலம். தரையில இருக்கற மேடு ரெண்டு விரல் ஜாஸ்தி. வேண்டாம்."

"நாலு தடவையும் இதையேதான் சொன்னீங்க சார்" என்றார் விற்பனையாளர். பெரிய உருவம், களைத்த குரல். "ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாருங்க சார்னு நானும் கெஞ்சிட்டேன்."

மனைவி மெதுவாகத் திரும்பினாள். "நாலு தடவை வந்தும் ஓட்டிப் பாக்கலையா?"

"உக்காந்து பாத்தேன்."

"அதுக்கு முந்தின வண்டி?"

"உக்காந்து பாத்தேன்."

"என்னங்க, பத்தொம்பது வண்டி! ஒண்ணுகூட நகரலையா?"

"சீட்டு சீட்டுதானே. வண்டிங்கறது அதுக்குக் கீழ இருக்கற சாமான்."

அதுவரை தூணில் சாய்ந்து நின்ற நடுமகள் வாயைத் திறந்தாள். "அப்பா, நின்னுட்டிருக்கற வண்டியில நான் என்னைக்காவது வாந்தி எடுத்திருக்கேனா?"

காவலாளி சிரித்துவிட்டு, இருமியதாகக் காட்டிக்கொண்டார். குஷன்காரர் முதல் தடவையாகக் குனிந்து வண்டியின் சக்கரங்களைப் பார்த்தார்.

"எங்க லேப்ல நரம்பு கிடைச்சா உடனே குத்திடணும்" என்றாள் மனைவி. "தடவிக்கிட்டே இருந்தா வந்தவங்க மயங்கி விழுந்துடுவாங்க. சாவியைக் குடுங்க சார்."

விற்பனையாளர் கூட வந்தே ஆக வேண்டுமாம், அது அவர்கள் விதி. மனைவி ஓட்ட, அவர் பக்கத்தில். மூன்று பிள்ளைகள் பின்னால். ஐந்து இடமும் தீர்ந்துபோயிற்று. குஷன்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

"நான் டிக்கியில குந்திக்கறேன். சீட்டோட முதுகு எப்படி வேலை செய்யுதுன்னு பின்னாலேருந்து பாக்கணும்."

"டிக்கியில ஆள் ஏத்தினா என் வேலை போயிடும் சார்."

"நீங்க இங்கயே நில்லுங்க" என்றாள் மனைவி. "உங்களுக்குப் பதிலா வேணும்னா ஒரு பலகையை ஏத்திக்கறோம்."

நடுமகள் சட்டைப்பையிலிருந்து கவரை எடுத்து உதறி விரித்துக்கொண்டு ஏறினாள். முன்னால் உட்கார்ந்திருந்த விற்பனையாளரின் தோளைத் தொட்டாள். "அங்கிள், உங்க சட்டை புதுசா?" வண்டி கிளம்பும்போது அவர் முடிந்த அளவு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

குஷன்காரர் வாசலில் தனியாக நின்றார். காவலாளி தன்னுடைய நாற்காலியைக் கொடுத்தார். அவர் உட்காரவில்லை, அழுத்திக்கூடப் பார்க்கவில்லை. ஷோரூம் சுவரில் மணி நான்கு முப்பத்தைந்து. தெருக்கோடியில் ஒரு பள்ளம் இருப்பது அவருக்குத் தெரியும். இப்போது அதைத் தாண்டியிருப்பார்கள். அடுத்தது வேகத்தடை. வேகத்தடை வந்ததும் முன்பெல்லாம் அவள் "அம்மா, ஓரமா நிறுத்துங்க" என்பாள். முப்பது வருடமாக அவர் கையில் எடுத்த ஒவ்வோர் இருக்கையும் சிமெண்டுத் தரையில் அசையாமல் கிடந்தது. மீனைத் தரையில் போட்டுக்கொண்டு, இது எப்படி நீந்தும் என்று ஆராய்ச்சி செய்தது போல் ஆகிவிட்டதோ என்று ஓர் எண்ணம் வந்தது. அதை யாரிடமும் சொல்வதில்லை என்று அங்கேயே முடிவு செய்துகொண்டார்.

நான்கு ஐம்பதுக்கும் வரவில்லை. "ஓரமா நிறுத்தியிருப்பாங்க" என்றார் குஷன்காரர்.

"ரோட்டுல கூட்டமா இருக்கும் சார்."

"இல்ல. ஓரமாத்தான் நிறுத்தியிருப்பாங்க."

ஐந்து மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது வண்டி வாசலில் திரும்பியது. மிக மெதுவாக வந்தது. பக்கத்தில் நடந்து வந்த ஒரு பெண்மணி அதை முந்திக்கொண்டு போனார். குஷன்காரர் ஓடினார். முதலில் பார்த்தது விற்பனையாளரின் சட்டையைத்தான். உலர்ந்திருந்தது. அவர் கதவைத் திறந்து, பூனை மாதிரி காலை ஊன்றி இறங்கி, கதவைச் சாத்தாமல் அப்படியே ஒட்டினாற்போல் வைத்தார். மனைவி கண்ணாடியை இறக்கி உள்ளங்கையைக் காட்டினாள்: பேசாதீங்க.

பின்னால் நடுமகள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. தலை தம்பி தோளில், ஒரு கால் அக்கா மடியில். தரையில் இருந்த அந்த இரண்டு விரல் மேட்டின்மேல் மற்றக் காலைச் சொகுசாக வைத்திருந்தாள், அது அதற்காகவே போட்டது என்பதுபோல. கதவோடு கதவாக நசுங்கியிருந்த பையன் அழலாமா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தான்.

"பெரிய சாலை வரைக்கும் போனோம்ப்பா" என்று மூத்தவள் மூச்சுக்காற்றில் சொன்னாள். "அம்மா வேணும்னே எல்லாப் பள்ளத்துலயும் விட்டாங்க. ம்ஹூம், அசையல."

"எந்தப் பக்கம் சாஞ்சா?"

"ரெண்டு பக்கமும்."

குஷன்காரர் கண்ணாடியருகே குனிந்து அந்த முகத்தையே பார்த்தார். விட்டிருந்தால் கால் மணி நேரம் பார்த்திருப்பார். ஆனால் விற்பனையாளர் காதருகே வந்து, "சார், ரெண்டு நிமிஷந்தான் இருக்கு" என்று கிசுகிசுத்துப் பதிவுப் படிவத்தையும் பேனாவையும் நீட்டினார். உள்ளே மேசை இருப்பதாகக் கை காட்டினார். குஷன்காரர் தலையாட்டி மறுத்தார். அந்த ஜன்னலை விட்டு நகர்வதாக இல்லை. படிவத்தைக் காரின் கூரைமேல் வைக்கப் போய், அதிர்ந்துவிடும் என்று சட்டென்று எடுத்துக்கொண்டார். பிறகு விற்பனையாளரின் இரண்டு தோளையும் பிடித்து மெல்லத் திருப்பி, குனியவைத்து, அந்த அகலமான முதுகில் காகிதத்தை விரித்தார். அவருக்குக் கூச்சம் தாங்காமல் உடம்பு நெளிந்தது, சிரிப்பு வாய்வரை வந்துவிட்டது. குஷன்காரர் ஒரு கையால் அவர் வாயைப் பொத்திக்கொண்டு, மறுகையால் கையெழுத்துப் போட்டார்.