வெறும் பெட்டிக்குள் ஈரம்

யாராவது பேய்க்கதை தொடங்கினால் எழுந்து வெளியே போய்விடுகிற ஆள் நான். ஜின் இல்லை என்று சொல்லமாட்டேன், அது மார்க்கத்தில் உள்ள விசயம், ஆனால் அதற்கு வேறு வேலையே இல்லாமல் எங்கள் ஊர்ப் பெண்களின் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரிகிறது என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படித்தது பௌதிகம், வேலை கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில். இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் கோபிக்கமாட்டேன், வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. ரேடியோ அலையால் நெல்லைக் காயவைக்கலாமா என்று எங்கள் ஆய்வுகூடத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூடிய இரும்பு அறைக்குள் அலையை விட்டால் நெல் சூடாகும், ஆனால் ஒரே சீராகச் சூடாகாது, ஓரிடம் கருகும், பக்கத்திலேயே ஓரிடம் ஈரமாகக் கிடக்கும். அறையின் வடிவத்தை மாற்றினால் சீராகுமா என்று கண்டுபிடிப்பது என் வேலை. கணக்குப் போட்டுத்தர இன்றைக்குப் போல கணினியா இருந்தது? கை நீளத்தில் விதவிதமான தகரப் பெட்டிகள் செய்து, அவற்றுக்குள் அலையை விட்டு, காய்ந்த குச்சியின் நுனியில் கம்பி வளையத்தோடு ஒரு டோர்ச் பல்பைக் கட்டி உள்ளே மெல்ல நகர்த்துவேன். அலை பலமாக உள்ள இடத்தில் பல்ப் தானாக எரியும், இல்லாத இடத்தில் அணையும். சதுரப் பெட்டிக்கு ஒரு மாதிரி, உருளைக்கு வேறு மாதிரி. ஈரமான எதையாவது உள்ளே வைத்தால் அது அலையைக் குடித்துவிடும், அதன் பக்கத்தில் பல்ப் எரியவே எரியாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

அந்த மாரியில்தான் என் தங்கை சுலைஹாவின் புருசன் ஹனிபா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை என்று தந்தி வந்தது. வேலையை நிறுத்த முடியாது, பற்றரியையும் அலை எழுப்பும் கருவியையும் பெட்டிகளையும் கட்டிக்கொண்டே எங்கள் ஊர் மருதமுனைக்கு வந்தேன். சுலைஹா தறியில் இருந்தாள். அழுது முடித்த முகம் இல்லை, அழவே தொடங்காத முகம். ஏனென்று பிறகுதான் விளங்கியது. உடல் மையத்தாகக்கூடக் கரையொதுங்கவில்லை, கண்டதாகச் சொல்லவும் ஆளில்லை. பள்ளிவாசல் லெப்பை வந்து திரைக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"மவுத்து எண்டு உறுதியான செய்தி வரும்வரைக்கும் நீ அவர்ட பெண்சாதிதான் புள்ள. இப்ப இத்தா இரிக்க ஏலாது."

புருசன் இறந்த பெண் வெள்ளை உடுத்து நாலு மாதமும் பத்து நாளும் மறைவில் இருப்பதைத்தான் இத்தா என்கிறோம். அதற்கும் வழியில்லை. காத்திருக்கிறாளா, இழந்துவிட்டாளா என்று அவளுக்கே தெரியாது. கலர்ச் சேலையோடு தறியில் இருக்கிறாளே என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் குசுகுசுத்தார்கள். எனக்கு அவர்கள் மேலும் கோபம், லெப்பை மேலும் கோபம், கடல் மேலும் கோபம்.

ஒரு பின்னேரம், மழை விட்ட நேரம், பின் மண்டபத்தில் சதுரப் பெட்டியைப் பூட்டி அலையை விட்டேன். உள்ளே ஒன்றுமில்லை. பல்ப் எரியவேண்டிய ஓரிடத்தில் எரியவில்லை. வலப்பக்கம், அடித்தகட்டை ஒட்டி, ஒரு முழங்கை நீளத்துக்கு இருட்டு. ஈயம் பற்றவைத்த இடத்தில் பழுது என்று நினைத்து, துடைத்து, அடுப்படியில் காயவைத்துத் திரும்பப் பார்த்தேன். அதே இருட்டு. சரி, பெட்டிதான் பிழை என்று நீளப் பெட்டியை எடுத்தேன். அதிலும் அதே இடம், அதே நீளம். கடைசியாக உருளை. நம்பினால் நம்புங்கள், மூலையே இல்லாத அந்த உருளைக்குள்ளும் அது கிடந்தது. வடிவம் மாறினால் இருட்டும் மாறவேண்டும், அதற்காகத்தானே நான் சம்பளம் வாங்கினேன்!

சுலைஹா எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியாது. அண்ணனை எங்கள் பக்கத்தில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"காக்கா, அந்த இடத்தில மட்டும் ஏன் எரியுதில்ல?"

"ஈரமான சாமான் உள்ளுக்கு இரிந்தா இப்பிடித்தான்."

"உள்ளுக்கு ஒண்டுமில்லயே."

"ஓம், ஒண்டுமில்ல."

அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அறைக்குள் போனாள். அடுத்த நாள் காலை வெள்ளை உடுத்திருந்தாள். லெப்பை ஓடி வந்தார், பெரியவர்கள் வந்தார்கள், நானும் கத்தினேன். அவள் அசையவில்லை. "எனக்குத் தெரிஞ்சிட்டு" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. இத்தாவை முழுதாக இருந்து முடித்தாள்.

அது முடிந்த கொஞ்ச நாளில் ஹனிபா வந்து சேர்ந்தான்.

ஓம், உயிரோடுதான். ஒரு சரக்குக் கப்பல் தூக்கியெடுத்து எங்கேயோ தூரத்துத் துறைமுகத்தில் இறக்கிவிட்டதாம், நோயில் கிடந்து எழும்பி வந்தானாம். ஊரே திரண்டது, ஆடு அறுத்தோம். செய்தி கேட்டு நான் கொழும்பிலிருந்து விழுந்தடித்து வந்து அவனைக் கட்டிப்பிடித்து அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். சுலைஹா அழவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள்.

தண்ணீரில் கிடந்த ஹனிபாதான் அந்த இருட்டோ என்று என் பெட்டிமேல் இருந்த பயத்தைத் தீர்த்துவிடவேண்டும் போலிருந்தது. விட்டுவிட்டுப் போன பெட்டியை எடுத்துப் பூட்டி அலையை விட்டேன். இருட்டு இல்லை, பல்ப் எரியவேண்டிய இடமெல்லாம் எரிந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்த நேரம் ஹனிபா அசர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழுச் செய்துவிட்டு, கை சொட்டச் சொட்ட வந்தான்.

"மச்சான், இதுக்குள்ள கைய விட்டாச் சுடுமா?"

"இது சின்னது, சுடாது. ஆனா பல்ப் நூந்திரும், பாரு."

முதலில் என் கையை விட்டேன். பல்ப் அணைந்தது. எல்லா மனிதனுக்கும் அப்படித்தான், உடம்பே தண்ணீர்தானே. பிறகு அவன் முழங்கைவரை விட்டான். பல்ப் எரிந்தது. மங்கக்கூட இல்லை. குச்சியை நகர்த்தி அவன் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன், ஈரம் தகரத்தில் சொட்டிக்கொண்டிருக்கிறது, பல்ப் வெறும் பெட்டியில் எரிவதுபோல எரிகிறது. திரும்ப என் கை, அணைந்தது. திரும்ப அவன் கை, எரிந்தது.

"என்ட கை ராசியான கைபோல!" என்று சிரித்துக்கொண்டு தொழப் போனான்.

திரும்பிப் பார்த்தால் கதவடியில் சுலைஹா. "காக்கா, நான் இவரோட இரிக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள். அதே முகம், அதே குரல், உம்மாவின் பெயரிலிருந்து தோணியின் ஓட்டைவரைக்கும் எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிற மனிதன். ஒரு டோர்ச் பல்பை நம்பி ஒரு குடும்பத்தைப் பிரிப்பதா? "அவன் உன்ட புருசன்தானே" என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

இருந்தாள். பிள்ளைகள் பிறந்தன, நல்ல பிள்ளைகள். ஹனிபாவும் ஒரு சொல் கடிந்து பேசாத மனிதன். கிழவனாகித்தான் இறந்தான், நானும் நின்று அடக்கினேன். அடக்கிவிட்டு வந்தபோது பெண்கள் வெள்ளைச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு அவளைச் சுற்றி நின்று மன்றாடிக்கொண்டிருந்தார்கள். அவள் பச்சைச் சேலையோடு தறியில் இருந்தாள். என்னைக் கண்டதும் நெசவை நிறுத்தினாள்.

"நீங்களாவது சொல்லுங்க காக்கா. என்ட புருசனுக்கு நான் அப்பவே இத்தா இரிந்து முடிச்சிட்டன்தானே?"