பூஜை அறையிலிருந்து எழும் சர்வர்

பானுப்ரியாவுக்குக் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். ஆரணியில் வேணுகோபாலின் பட்டுக் கடையில் பில் போடும் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அந்தச் சர்வர்களுக்குள் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. எல்லாம் பக்கத்து அறையில் ஒரு ஸ்டோரேஜ் பெட்டிக்குள் இருந்தன. சர்வர்கள் ஐஸ்கஸி என்ற முறையில், கேபிள் வழியாக, அதிலிருந்தே பூட் ஆகும், அதாவது இயங்கத் தொடங்கும்.

2009 ஆயுத பூஜையன்று முதலாளி அந்தப் பெட்டியைக் கழற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, தறி நாடாவுக்கும் பொரிக்கும் நடுவே வைத்துவிட்டார். கடை நிறையக் கூட்டம். பில் போட முடியவில்லை.

“அது சும்மாதானேம்மா குந்திகினு இருந்துச்சி? வேலை செய்யறது சர்வருதானே?”

“சர்வரு கண்ணு முழிக்கறதே அதாலதாங்க! ஜல்தியா எடுத்துக் குடுங்க.”

“சாமியாண்ட வெச்சத நாளைக்கு மறுபூஜை பண்ணாம எடுக்கக் கூடாதும்மா.”

பல்லைக் கடித்துக்கொண்டு பூஜை அறை வரைக்கும் கேபிள் இழுத்தாள். பெட்டி இருந்த இடத்திலேயே ஓடியது, சர்வர்கள் எழுந்தன. முதலாளி கற்பூரம் ஏற்றினார்.

பெட்டி அங்கேயே தங்கிவிட்டது. மறு வருஷம் புது சர்வர் வாங்கும்போது, டிஸ்க் வேண்டுமா என்று விற்கிறவர் கேட்டார்.

“எதுக்குங்க? அதான் பூஜை ரூம்ல கீதே!” என்றார் முதலாளி.

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. பானுப்ரியாவுக்கு அதுதான் ஆத்திரம்.