குடிலில் குந்திய செட்டியார்

எங்கள் தெருவுக்குக் கிறிஸ்மஸ் குடில் பார்க்க வருகிறவர்கள் ஓர் இடத்தில் கட்டாயம் நின்றுவிடுவார்கள். வைக்கோலில் பாலன் படுத்திருப்பார். மாதாவும் சூசையப்பரும் இரண்டு பக்கமும் மண்டியிட்டிருப்பார்கள். மாடு, கழுதை, ஒட்டகம் எல்லாம் முறைப்படி இருக்கும். இவர்களுக்கு நடுவில், பெரிய தொப்பையும் நெற்றி நிறைய விபூதிப் பட்டையுமாக, முன்னால் அரிசி பருப்பைக் குவித்துக்கொண்டு செட்டியார் பொம்மை உட்கார்ந்திருக்கும். நவராத்திரிக் கொலுவில் உட்கார வேண்டிய மனிதர், பக்கத்தில் வீட்டம்மாவையும் கூட்டி வந்து பெத்லகேமில் கடை போட்டிருப்பார். ஒரு வீட்டில் இல்லை, ராயபுரத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இப்படித்தான்.

இது எப்படி வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். போன வருஷம் ஒரு தம்பி செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டே, கிழக்கிலிருந்து போன மூன்று ஞானிகளில் ஒருவர் நம்ம ஊர்க்காரர், அவர்தான் இவர் என்று அடித்துச் சொன்னான். கூட வந்தவன், இல்லையில்லை, போர்த்துக்கீசியர் காலத்துப் பழக்கம் என்றான். அடேயப்பா! அந்தச் செட்டியாரைச் சமையல்கட்டிலிருந்து முன்னறைக்கு முதன்முதலில் தூக்கிக்கொண்டு வந்தவளே நான்தான்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. வீட்டில் நான்கே பேர். நைனா ஹார்பரில் கிரேன் ஓட்டினார். நைனாவின் அக்காவான என் அத்தை காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்றாள். புருஷனைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்துவிட்டு, தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அம்மா திருவொற்றியூர்க்காரி, சிவன் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. நைனாவை விரும்பிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள் என்று அவள் வீட்டில் தலைமுழுகிவிட்டார்கள். ஒரே பஸ்ஸில் வந்துவிடலாம், ஒருவரும் வந்ததில்லை. இங்கே அத்தையோ தம்பிக்குக் காசிமேட்டிலேயே ஒரு பெண்ணைப் பார்த்து முடித்து வைத்திருந்தாளாம். ஆக, அம்மாவுக்கு அந்த வீட்டிலும் கதவைச் சாத்திவிட்டார்கள், இந்த வீட்டிலும் சாத்தித்தான் இருந்தது.

அத்தைக்கும் அம்மாவுக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. சண்டை போட்டால் பேச வேண்டி வருமே! இரண்டு பேரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. எல்லாம் என் வழியாகத்தான்.

"உங்கம்மாகிட்ட சொல்லு, கொயம்புல உப்பு கம்மியா கீது."

அம்மா கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். நான் திரும்பி, "அம்மா, கொழம்புல உப்பு கம்மியாம்" என்பேன்.

"உப்பு டப்பா அவங்க பக்கத்துலதான் இருக்குன்னு அத்தைகிட்ட சொல்லு."

நான் மறுபடி திரும்புவேன். எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம் என்று நினைத்திருந்தேன். ஒருமுறை தோழி வீட்டுக்குப் போனபோது அவள் அம்மாவும் அத்தையும் நேராகவே பேசிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் எதற்காக இவளைப் பெற்று வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பெரிய சந்தேகம். என் மேல் மட்டும் அத்தைக்கு உயிர். ஆடு பகை, குட்டி உறவு என்று நைனா சொல்லிச் சிரிப்பார். அதற்கு மேல் அவர் நடுவில் தலையைக் கொடுக்க மாட்டார், கிரேன் மேல் ஏறிக்கொள்வார்.

டிசம்பர் வந்தால் வீடு அத்தையின் ராஜ்ஜியம். குடில் அவள் கையால்தான் எழும்ப வேண்டும். காகிதத்தைக் கசக்கிச் சாயம் அடித்து மலை செய்வாள். காசிமேட்டுக் கடற்கரையிலிருந்து மணல் அள்ளி வருவாள். கொட்டாங்கச்சியில் கேழ்வரகு விதைத்துப் புல் வளர்ப்போம், தண்ணீர் தெளிப்பது என் வேலை. தெளித்துக்கொண்டே நான் கேட்பேன், அத்தை அளப்பாள். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில், கிறிஸ்மஸ் பழக்கங்கள் எப்படி வந்தன என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லியிருந்தார்கள். அது போதாதா அத்தைக்கு?

வாசலில் நட்சத்திரம் ஏன் கட்டுகிறோம்? கடலுக்குப் போன ஆம்பளை திரும்பி வரும்போது வீடு தெரியாமல் பக்கத்து வீட்டில் புகுந்துவிடக் கூடாது, அதற்குத்தான். கேக் ஏன் கறுப்பு? முதல் முதலில் சுட்டவன் தூங்கிவிட்டான். கிறிஸ்மஸ் தாத்தா இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஏன் கம்பளிச் சட்டையோடு வருகிறார்? "அவரு ஐஸ் பாக்டரில வேலை பார்க்கறாருடி. டூட்டி முடிஞ்சு அப்பிடியே வந்துடுறாரு."

எனக்கு இது ரொம்ப நியாயமாகப் பட்டது. காசிமேட்டு ஐஸ் பாக்டரி ஆட்களை நான் பார்த்திருக்கிறேன், தலை முழுக்க ஐஸ் தூளோடு வெள்ளையாகத்தான் வெளியே வருவார்கள். வகுப்பில் எழுந்து அப்படியே சொன்னேன். சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் சிஸ்டர், இத்தாலியில் ஒரு புனிதர் குகைக்குள் நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்தி முதல் குடில் அமைத்த கதையைச் சொன்னார். நல்ல கதைதான், ஆனால் ஐஸ் பாக்டரிக்கு முன்னால் நிற்காது.

அந்த வருஷம் எங்கள் மாதா கோயிலில் குடில் போட்டி வைத்தார்கள். கிறிஸ்மஸ் முடிந்து, புத்தாண்டுக்கு முன்னால் ஃபாதரும் சிஸ்டரும் வீடு வீடாக வந்து பார்ப்பார்கள். ஜெயிக்கிற வீட்டுப் பிள்ளையின் பெயரைப் பூசை முடிந்ததும் மைக்கில் சொல்வார்கள். மைக்கில்! என் பெயர் ஸ்பீக்கர் வழியாகத் தெருவெல்லாம் கேட்கும் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐஸ் பாக்டரிக்குச் சிரித்தவர்கள் எல்லாரும் கேட்பார்கள் அல்லவா?

பார்வையிட வருகிற அன்று காலையில் இடையன் பொம்மையின் தலை போயிற்று. அத்தை மீன் கையோடு அவனைத் தொட்டுத் தொட்டு இடம் மாற்றியிருந்தாள். வாசனை பிடித்து வந்த பூனை அவனை நக்கிப் பார்த்துக் கீழே தள்ளிவிட்டது. "கஸ்மாலம், உனக்கு வேற மீனே கெடைக்கலயா!" என்று அத்தை துடைப்பத்தோடு தெருக்கோடி வரை துரத்திவிட்டு வந்தாள். நைனா பிராட்வே வரை போய் அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். பொம்மைகளை மொத்தமாகத்தான் விற்பார்களாம், இடையன் மட்டும் தனியாகக் கிடைக்க மாட்டானாம். ஆடுகள் மேய்ப்பாரில்லாமல் நின்றன. நான் அழுதுகொண்டிருந்தேன்.

அப்போது அம்மா என்னைச் சமையல்கட்டுக்குள் கூப்பிட்டாள். பீரோ மேலிருந்த ஒரு துணி மூட்டையை இறக்கி வைத்திருந்தாள். கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தபோது அம்மா பிறந்த வீட்டிலிருந்து எடுத்து வந்தது அது ஒன்றுதான். நான் தொடக்கூடாத மூட்டை. உள்ளே செட்டியார் இருந்தார். அம்மா பிறந்த வருஷம் அவள் வீட்டுக் கொலுவுக்காக வாங்கிய பொம்மையாம். அதை இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தாள்.

"அத்தைகிட்ட கேளு. இது ஆகுமான்னு."

குரல் ஏன் அப்படி நடுங்குகிறது என்று எனக்குப் புரியவில்லை. பொம்மை கனமாக இருக்கிறது, போட்டுவிடப் போகிறேன் என்று பயப்படுகிறாள் என்றே நினைத்தேன்.

அத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விபூதியைப் பார்த்தாள், தொப்பையைப் பார்த்தாள். சமையல்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். ஆகாது என்று சொல்லிவிடு அத்தை என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். மூன்று ராஜாக்களும் ஒட்டகங்களும் சேர்ந்தே அவருடைய முழங்கை உயரம்தான் வருவார்கள். இவரை வைத்தால் மைக் எப்படிக் கிடைக்கும்?

"இன்னா, ஒத்தையா வந்துகீறாரு? பொஞ்சாதி எங்க? அதையும் எடுத்தாரச் சொல்லு." அத்தை பொம்மையை என் கையில் திருப்பிக் கொடுத்து, "எப்பிடி வெக்கறதுன்னு எனக்குத் தெரியாது. உங்கம்மாவயே வந்து வெக்கச் சொல்லு" என்றாள்.

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள். அந்த வீட்டில் அத்தனை வருஷம் இருந்தும் அவள் குடிலருகே வந்து நின்று நான் பார்த்ததில்லை. செட்டியாரையும் வீட்டம்மாவையும் பாலனைப் பார்க்க உட்கார வைத்தாள். பாட்டில் மூடிகளில் அரிசி, துவரம் பருப்பு, மிளகு என்று குவித்தாள்.

"புள்ள பெத்தவளுக்கு மொளவு மட்டும் போதுமான்னு கேளு. பெருங்காயம் வெக்கச் சொல்லு" என்றாள் அத்தை.

"சுக்கும் ஓமமும் கூட வேணும்னு சொல்லு" என்றாள் அம்மா.

"பூண்டு?"

"பூண்டும் வேணும்னு சொல்லு."

இருவரும் தோளோடு தோள் இடிக்க நின்றுகொண்டிருந்தார்கள். நான் நடுவில் மூச்சு வாங்க மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். நான் பிறந்தபோது அம்மா வீட்டிலிருந்து எட்டிப் பார்க்க ஆளில்லாததால், பிரசவ லேகியம் கிளறி வாயில் ஊட்டிவிட்டது அத்தைதான் என்பதும், அப்போதுகூட அவள் பேசாமலேயே ஊட்டினாள் என்பதும் பின்னால் நைனா சொல்லித்தான் தெரியும்.

சாயங்காலம் ஃபாதரும் சிஸ்டரும் வந்தார்கள். கேழ்வரகுப் புல்லைப் பார்த்து ஃபாதர் ஆகா என்றார். மலையைப் பார்த்து சிஸ்டர் ஆகா என்றார். பிறகு இருவரும் செட்டியாரிடம் வந்து நின்றார்கள்.

"இவர் யாரும்மா?" என்றார் ஃபாதர்.

"மளிகக்காரரு ஃபாதர்" என்றாள் அத்தை, அலட்டிக்கொள்ளாமல். "புள்ள பொறந்த வூடு. ராஜா மூணு பேரும் இன்னா கொணாந்தானுங்க? பொன்னு, சாம்பிராணி, வெள்ளைப்போளம். பெத்தவ கஞ்சிக்கு இன்னா பண்ணுவா? அதான் சொல்லி வுட்டோம், வந்துட்டாரு."

ஃபாதர் விழுந்து விழுந்து சிரித்தார். சிஸ்டரும் சிரித்தார், நல்ல மனுஷிதான். ஆனால் சிரித்து முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். இந்தத் தெருவிலேயே இதுதான் அழகான குடில், முதல் பரிசு இதற்குத்தான் கொடுக்க வேண்டும், ஆனால் நெற்றியில் பட்டை போட்டவரை வைத்துப் பரிசு கொடுத்தால் நாளைக்கு நாலு பேர் கேள்வி கேட்பார்கள். அவரை மட்டும் கொஞ்சம் எடுத்துவிட்டால் போதும்.

எடுத்துவிடலாமே! நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தவள், "எடுத்துடறேன் சிஸ்டர்" என்று குனிந்து கையை நீட்டினாள். அத்தை அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வுடுடி."

ஏலத்தில் கூவுகிற குரல் அது, ஆனால் மெதுவாக வந்தது. பிறகு சிஸ்டர் பக்கம் திரும்பினாள். "எங்க வூட்டுப் பொண்ணு பொறந்த வூட்லேருந்து கொணாந்த சீரு சிஸ்டர் இது. அவரு அங்கதான் குந்துவாரு. பிரைஸ் வேற வூட்டுக்குக் குடுங்க, நாங்க இன்னா கோச்சிக்கப் போறமா?"

நான் கோபித்துக்கொண்டேன். யாரும் கவனிக்கவில்லை. ஃபாதர் குடிலுக்கும் வீட்டுக்கும் ஆசீர்வாதம் கொடுத்தார், அத்தைக்கும் அம்மாவுக்கும் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். பரிசு பக்கத்துத் தெருவுக்குப் போயிற்று. அடுத்த வருஷம் எதிர்வீட்டுக் குடிலில் ஒரு செட்டியார் வந்து உட்கார்ந்தார், ஏன் என்று கேட்டதற்கு, புள்ள பெத்த வீட்டுக்கு மளிகைக்காரர் வர வேண்டாமா என்று எங்களையே திருப்பிக் கேட்டார்கள். அப்புறம் தெருவே பிடித்துக்கொண்டது. இத்தாலியிலும் ஏதோ ஓர் ஊரில் குடிலுக்குள் ரொட்டிக்காரனும் மீன்காரியும் உண்டு என்று பெரியவளான பிறகு படித்தேன். அங்கேயும் யாரோ ஓர் அத்தை இருந்திருக்க வேண்டும்.

அன்று அவர்கள் போனதும் அம்மா சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். புத்தாண்டுக்குக் கல்கல் என்கிற இனிப்புப் பலகாரம் பொரிக்க மாவு பிசைந்து பலகையில் வைத்திருந்தாள். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தால், அடுப்புப் பக்கம் திரும்பி நின்று, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருக்கிறாள். பாவம், என்னைவிட அவளுக்குத்தான் மைக்கில் ஆசை போலிருக்கிறது என்று எனக்கே இரக்கமாகிவிட்டது. புடவையைப் பிடித்து இழுத்தேன்.

"அழாதம்மா. அடுத்த வருஷம் செட்டியார எடுத்துட்டா நமக்குத்தான் ஃபர்ஸ்ட்டு."

அம்மா அழுகையோடு சிரித்தாள். என்னை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அந்த நேரம் முன்னறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"இன்னாடி, எண்ண பொகையுது! உள்ள இன்னா பண்ணிகினு கீற?"

நான் கடமை தவறாதவள். அம்மாவை நிமிர்ந்து பார்த்து, "அம்மா, அத்தை கேக்குறாங்க, உள்ள என்ன…" என்று ஆரம்பித்தேன். அம்மா என் தலைக்கு மேலாக, கண்ணைத் துடைத்துக்கொண்டே, முன்னறையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"வெங்காயம் அரியறேன் அண்ணி."

நான் பலகையைப் பார்த்தேன். அதில் கல்கல் மாவுதான் இருந்தது. அம்மா எதற்குப் பொய் சொல்கிறாள் என்றும் எனக்கு விளங்கவில்லை, இத்தனை வருஷமாக நான் பார்த்த வேலை அந்த நிமிஷத்தோடு போய்விட்டது என்றும் விளங்கவில்லை. "அத்தை, வெங்காயம் அரியறாங்களாம்" என்று சொல்ல முன்னறைக்கு ஓடினேன்.